0.3 சதவீதம்: டெக்சாஸ் ஹெம்ப் உணவுச் சட்டத்தின் கணக்குப் பிழை

4 கிராம் எடையுள்ள ஒரு ஜெல்லி மிட்டாயில் 0.3 சதவீதம் என்பது 12 மில்லிகிராம். 50 கிராம் சாக்லேட் கட்டியில் அதுவே 150 மில்லிகிராம். 355 மில்லி பானம் அடைத்த டின்னில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2019இல் ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சாச் செடி) சேர்த்த உணவுப் பொருள்களை அனுமதித்தபோது, கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டெல்டா-9 டிஎச்சிக்கு வைத்த உச்சவரம்பு இந்த 0.3 சதவீதம்தான். அந்நாட்டின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021இல் ஆராய்ச்சிகளுக்கென வகுத்த ஓர் அலகு டிஎச்சி 5 மில்லிகிராம். பழக்கமில்லாத பெரியவர் ஒருவர் போதையை உணர அந்த 5 மில்லிகிராமே போதும். ஆக, சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றிய ஒற்றை மிட்டாயே இரண்டு பேருக்குப் போதை ஏற்றும் அளவு.

அடுத்த ஆறாண்டுகளில் டெக்சாஸ் கண்ட வழக்குகள், தடைச் சட்டம், ஆளுநரின் மறுப்பு, அவசர விதிகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது. வயலில் நிற்கும் செடியை அளக்கச் செய்த கோலைக் கொண்டுவந்து சாப்பிடும் பொருளை அளந்தார்கள். சட்டம் தளர்வானதா கடுமையானதா என்று டெக்சாஸில் நிறையவே வாதாடிவிட்டார்கள். அளவுகோல் தவறானது என்பதை அதே அக்கறையோடு பேசியவர்கள் குறைவு. இந்த ஆய்வு அதைத்தான் பேசுகிறது.

ஒரே செடி, இரண்டு பெயர்

தமிழில் ஹெம்ப்பைச் சணல் என்று எழுதும் வழக்கம் உண்டு. அது குழப்பத்தில் கொண்டுபோய் விடும். நம் ஊரில் சணல் என்றால் கோணிச் சாக்கு நெய்யும் நார். சணப்பு என்றால் நடவுக்கு முன் விதைத்து மடக்கி உழும் பசுந்தாள் உரப் பயிர். இரண்டுக்கும் கஞ்சாவுக்கும் உறவே கிடையாது. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். இரண்டும் கன்னாபிஸ் சட்டைவா. பிரிப்பது டிஎச்சி அளவின் மேல் சட்டம் போட்ட கோடு ஒன்றுதான்.

அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற தாவரவியலாளர்கள் 1976இல் கஞ்சா வகைகளைப் பாகுபடுத்தியபோது, காய்ந்த இளம் இலையின் எடையில் 0.3 சதவீத டிஎச்சியைப் பிரிகோடாகக் கொண்டார்கள். செடிகளை இரு கூட்டமாகப் பிரிக்க வசதிக்காக வைத்த எண் அது. சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வியே அல்ல. நார்ப் பயிர் பயிரிடும் நாடுகள் அந்த எண்ணையும் அதை ஒட்டிய எண்களையும் எடுத்துக்கொண்டன. பயிருக்கு அது பொருந்தியது.

2018 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான அமெரிக்கக் கூட்டரசின் (ஒன்றிய அரசின்) வேளாண் சட்டம், உலர் எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டெல்டா-9 டிஎச்சி இல்லாத கஞ்சாச் செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து விலக்கியது. செடியோடு நிறுத்தவில்லை. விதை, சாறு, சாற்றிலிருந்து பிரித்த பொருள், கன்னாபினாய்டுகள் (டிஎச்சி போலக் கஞ்சாச் செடியில் உள்ள வேதிப்பொருள்கள்), அவற்றின் ஐசோமர்கள் (அதே அணுக்கள் வேறு விதமாக அமைந்தவை), அமிலங்கள், உப்புகள் அனைத்தும் ஹெம்ப் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. இந்தச் சொற்கள்தான் பிற்பாடு நீதிமன்றங்களில் வரிவரியாகப் படிக்கப்பட்டன. உலர் எடை என்ற அளவு காய்ந்த பூவுக்குப் பொருள் தரும். சர்க்கரைப் பாகு, சாக்லேட், சோடா இவற்றுக்கு உலர் எடை எது என்று எந்த ஆய்வகத்தைக் கேட்டாலும் உறுதியான விடை கிடைக்காது. நடைமுறையில் பொருளின் மொத்த எடையையே கணக்கில் கொண்டார்கள். எடை கூடக் கூட அனுமதியும் கூடியது. போதையின் அளவை மிட்டாயின் கனம் தீர்மானித்தது.

டெக்சாஸ் எழுதிய சட்டம்

எச்.பி. 1325 என்ற மசோதாவைக் கீழவையில் டிரேசி கிங் கொண்டுவந்தார். செனட்டில் சார்லஸ் பெர்ரி எடுத்து நடத்தினார். ஆளுநர் கிரெக் அபட் 2019 ஜூன் 10 அன்று கையெழுத்திட்டார். பயிரை மாநில வேளாண் துறை பார்த்துக்கொள்ளும். சாப்பிடும் பொருளை மாநில சுகாதாரச் சேவைகள் துறை கவனிக்கும். இதற்கென சுகாதாரச் சட்டத் தொகுப்பில் 443ஆம் அத்தியாயம் சேர்ந்தது. துறையின் விதிகள் 2020 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தன. பொருள்கள் அதற்கு முன்பே கடைத்தட்டுக்கு வந்துவிட்டன.

சட்டம் கேட்ட சில காரியங்கள் நல்லவை. உற்பத்தியாளர் ஒவ்வொரு ஆலைக்கும் உரிமம் எடுக்க வேண்டும். அப்போது அடிப்படைக் கட்டணம் 250 டாலர். விற்பவர் ஒவ்வொரு கடைக்கும் பதிவு செய்ய வேண்டும், 150 டாலர். பொருளை ஐஎஸ்ஓ 17025 தரச் சான்று பெற்ற ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். பொட்டலத்தில் தொகுதி எண், தொகுதி தேதி, பொருளின் பெயர், தயாரிப்பாளர் பெயர், சோதனை அறிக்கைக்குக் கொண்டுசெல்லும் இணைய முகவரி, டெல்டா-9 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை இருக்க வேண்டும். பிற மாநிலத்துப் பொருளையும் இணையான விதிகளின்படி தயாரித்திருந்தால் விற்கலாம்.

விட்டுப்போனவற்றைப் பார்த்தால் மனம் கனக்கிறது. வாங்குபவருக்கு வயது வரம்பு இல்லை. ஒரு துண்டில் இத்தனை மில்லிகிராம், ஒரு பொட்டலத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற உச்சம் இல்லை. குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் இல்லை. பள்ளிக்கும் கடைக்கும் இடையே தூரம் குறிக்கவில்லை. தனி வரியும் கிடையாது. சாதாரண விற்பனை வரி மட்டும். காரணம் இருக்கிறது. 2019இல் சட்டமன்றத்தார் மனத்தில் இருந்தது விவசாயி வளர்க்கும் நார்ப் பயிரும், போதை தராத கன்னாபினாய்டான சிபிடியின் எண்ணெய்யும்தான். போதை தரும் உணவுக்குச் சட்டம் எழுதுகிறோம் என்று அவர்கள் எண்ணவில்லை. ஆனால் 0.3 சதவீதத்தை எடுத்து ஒரு மிட்டாயின் எடையோடு பெருக்கிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

மின்னசோட்டா மாநிலத்தை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே 2022 ஜூலை 1 முதல் ஹெம்ப் டிஎச்சி உணவுக்கு அனுமதி உண்டு. ஒரு பரிமாறலுக்கு 5 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 50 மில்லிகிராம், வாங்குபவருக்கு 21 வயது என்று முதல் நாளிலேயே எழுதிவிட்டார்கள். செடி அதேதான், கூட்டரசின் சட்டமும் அதேதான். டெக்சாஸ் சதவீதத்தில் எண்ணியதை மின்னசோட்டா மில்லிகிராமில் எண்ணியது.

முதலில் தடுமாறியது காவல்துறை ஆய்வகம்

2019 ஜூன் வரை பிடிபட்ட பொருள் கஞ்சாவா என்று அறிய, நுண்ணோக்கியில் இலை மயிர்களைப் பார்த்து, டுகேனுவா-லெவின் என்ற நிறச் சோதனை செய்தால் போதும். அந்தச் சோதனை ஹெம்ப்புக்கும் அதே நிறத்தைக் காட்டும். புதிய சட்டப்படி கஞ்சா என்று நிரூபிக்க டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று சொன்ன ஆய்வகங்கள் எவ்வளவு என்று சொல்லத் தயாராக இல்லை. கருவியை வாங்குவதோடு வேலை முடியாது. முறையை உருவாக்கிச் சரிபார்க்க வேண்டும், பிழை எல்லையைக் கணக்கிட வேண்டும், அதற்குத் தரச் சான்று பெற வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் வேலை.

அந்தக் கோடையில் பல மாவட்ட வழக்கறிஞர்கள் சிறு அளவு கஞ்சா வழக்குகளைக் கைவிட்டார்கள். ஆளுநர், துணை ஆளுநர், கீழவைத் தலைவர், தலைமை வழக்கறிஞர் நால்வரும் ஜூலையில் கூட்டாகக் கடிதம் எழுதி, கஞ்சா சட்டபூர்வமாகிவிடவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. வரையறையை மாற்றுவதற்கு முன் அதை அளக்கும் கருவி ஆய்வக மேசையில் இருக்கிறதா என்று பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய குழப்பம்.

டெல்டா-8

சிபிடி விலை சரிந்தபோது கையிருப்பில் தேங்கிய சிபிடித் தூளுக்கு வேறு வழி தேடினார்கள். சிபிடியைக் கரைப்பானில் கரைத்து அமிலம் சேர்த்து வினைபுரியச் செய்தால் அது டெல்டா-8 டிஎச்சியாக மாறும். டெல்டா-9இன் ஐசோமர் இது. இரட்டைப் பிணைப்பு ஒரு கரியணு தள்ளி இருக்கும். போதை சற்றுக் குறைவு, ஆனால் உண்டு. செடியில் இயற்கையாக மிகச் சிறிதளவே கிடைக்கும் என்பதால் கடையில் விற்பது பெரும்பாலும் இப்படி மாற்றியது. சட்டம் டெல்டா-9க்கு மட்டும் வரம்பு போட்டிருந்தது. ஐசோமர்களும் ஹெம்ப் என்றும் எழுதியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் டெல்டா-8க்கு வரம்பே இல்லை என்றார்கள்.

இங்கே உண்மையான உடல்நல ஆபத்து வினையின் மிச்சங்களில் இருக்கிறது. வினை ஒருபோதும் தூய்மையாக முடியாது. டெல்டா-8உடன் டெல்டா-9, டெல்டா-10, பெயரிடப்படாத பிற பொருள்கள், கரைப்பான் மிச்சம், சரியாகக் கழுவாவிட்டால் அமில மிச்சம், வினையூக்கி உலோகம் எல்லாம் கூடவே வரும். வழக்கமான கன்னாபினாய்டு அறிக்கை தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பொருள்களை மட்டுமே தேடும். தெரியாத பொருளுக்கு அதில் கட்டமே இருக்காது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 டிசம்பர் 1 முதல் 2022 பிப்ரவரி 28 வரை டெல்டா-8 குறித்து 104 பாதிப்புப் புகார்களைப் பெற்றது. 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி இறுதி வரை நச்சு உதவி மையங்களுக்கு வந்த 2,362 அழைப்புகளில் 41 சதவீதம் 18 வயதுக்குட்பட்டவர்கள் பற்றியவை.

டெக்சாஸ் சுகாதாரத் துறை 2021 அக்டோபர் 15 அன்று தன் இணையதளத்தில், டெல்டா-8 தடைசெய்யப்பட்ட பொருள் என்று அறிவித்தது. ஹோம்டவுன் ஹீரோ என்ற பெயரில் விற்கும் ஆஸ்டின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நவம்பரில் டிராவிஸ் மாவட்ட நீதிமன்றம் அறிவிப்பின் செயல்பாட்டை நிறுத்திவைத்தது. 2023 செப்டம்பரில் மூன்றாம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த நிறுத்திவைப்பை உறுதி செய்தது. துறையின் கவலை நியாயமானது. விதி மாற்றத்துக்குரிய முறையான அறிவிப்பும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் இல்லாமல் கடைக்காரர்களைக் குற்றவாளிகளாக்கியது நியாயமாகாது. அவசரத்தில் எடுத்த குறுக்குவழி, முறையான வழியில் சென்றிருந்தால் ஆகியிருக்கும் காலத்தைவிட அதிகக் காலத்தை விழுங்கியது.

புகையும் பூ

2019 சட்டம் புகைக்கும் ஹெம்ப்பை மாநிலத்தில் தயாரிப்பதையும் பதப்படுத்துவதையும் தடுத்தது. துறை தன் விதியில் விநியோகத்தையும் சில்லறை விற்பனையையும் சேர்த்துத் தடுத்தது. கிரவுன் டிஸ்ட்ரிபியூட்டிங் என்ற நிறுவனமும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், விற்பனைத் தடை சட்டத்தில் இல்லாதது என்பதால் கீழ் நீதிமன்றத்தில் விழுந்தது. தயாரிப்புத் தடை செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று தீர்ப்பளித்தது. விளைவு: டெக்சாஸில் சுருட்டக் கூடாது, வேறு மாநிலத்தில் சுருட்டியதை டெக்சாஸில் விற்கலாம். உள்ளூர் வேலை வெளியே போனது, பொருள் உள்ளேயே இருந்தது.

புகைக்கும் அந்த ஹெம்ப் பூவுக்குள் இன்னொரு கணக்கு ஒளிந்திருந்தது. பச்சைச் செடியில் டிஎச்சி பெரும்பாலும் அதன் அமில வடிவமான டிஎச்சிஏவாகவே இருக்கும். சூடுபடுத்தினால் கரியமில வாயு பிரிந்து டெல்டா-9 ஆகும். எடை குறைவதால் 1 மில்லிகிராம் டிஎச்சிஏ 0.877 மில்லிகிராம் டிஎச்சி தரும். 0.2 சதவீத டெல்டா-9உம் 20 சதவீத டிஎச்சிஏயும் உள்ள ஒரு பூவை எடுத்துக்கொள்வோம். டெல்டா-9 மட்டும் பார்த்தால் 0.2, சட்டத்துக்கு உட்பட்டது. மொத்த டிஎச்சி என்று கணக்கிட்டால் 0.2 கூட்டல் 17.54, ஆக 17.74 சதவீதம். நெருப்பு வைத்தால் அது கஞ்சா.

கூட்டரசின் வேளாண் துறை அறுவடைக்கு முன் செய்யச் சொல்லும் வயல் சோதனை மொத்த டிஎச்சியைத்தான் பார்க்கிறது. மாதிரியை அறுவடைக்கு 30 நாள் முன்பு வரை எடுக்கலாம். பூ கனத்துப் பிசின் ஏறுவது அந்தக் கடைசி வாரங்களில். கடைத்தட்டுக்கு வந்த பொருளையோ டெக்சாஸ் சட்டம் டெல்டா-9ஐ மட்டும் வைத்து எடைபோட்டது. ஆய்வக முறையும் விடையை மாற்றும். கலவையைப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராஃபி கருவி மாதிரியைச் சூடாக்கும்போதே டிஎச்சிஏயை டிஎச்சியாக்கிவிடும். திரவ குரோமட்டோகிராஃபி இரண்டையும் தனித்தனியே காட்டும். ஒரே பூவுக்கு இரண்டு ஆய்வகம் 17 என்றும் 0.2 என்றும் சொன்னால் இரண்டும் பொய்யல்ல.

சோதனை அறிக்கையை எப்படிப் படிப்பது

பொட்டலத்தில் உள்ள கட்டக் குறியை (கியூஆர் குறி) கைப்பேசியில் பிடித்தால் அறிக்கை திறக்க வேண்டும். நிறுவனத்தின் முகப்புப் பக்கம் திறந்தால் அங்கேயே சந்தேகப்படலாம். முதலில் அறிக்கையின் தொகுதி எண்ணும் பொட்டலத்தின் தொகுதி எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். பெரும்பாலான தில்லுமுல்லு இங்கேதான்: ஓராண்டுக்கு முன் நன்றாக வந்த ஒரு தொகுதியின் அறிக்கையை எல்லாப் பொட்டலத்துக்கும் இணைத்துவிடுவார்கள். அடுத்து தேதி. அதன் பின் ஆய்வகத்தின் தரச் சான்று எண். அந்தச் சான்று கன்னாபினாய்டு சோதனைக்குப் பெற்றதா, வேறு எதற்கோ பெற்றதா என்பதும் முக்கியம்.

பிறகு அலகு. சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும், 0.3 சதவீதம் என்றால் கிராமுக்கு 3 மில்லிகிராம். அதை ஒரு துண்டின் எடையால் பெருக்குங்கள். துண்டின் எடை பொட்டலத்தில் இல்லையென்றால் நிகர எடையைத் துண்டு எண்ணிக்கையால் வகுக்கலாம். அட்டையில் எழுதிய மில்லிகிராமும் இந்த விடையும் பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தத் தொகுதியை நம்ப வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

டெல்டா-9 கட்டத்தில் கண்டறியப்படவில்லை என்று இருந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. அருகே டிஎச்சிஏ, டெல்டா-8, டெல்டா-10, எச்எச்சி, டிஎச்சிபி (இவ்விரண்டும் போதை தரும் கன்னாபினாய்டுகளே) ஆகியவற்றுக்குக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டமே இல்லையென்றால் சோதிக்கவே இல்லை என்று பொருள். அந்தப் பொருள் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. டெல்டா-8 மிகுந்த மாதிரியில் இன்னொரு தொல்லை உண்டு. டெல்டா-8, டெல்டா-9 இரண்டும் கருவியிலிருந்து ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளிவருவதால், வரைபடத்தில் பெரிய மேட்டின் தோளில் சின்ன மேடு மறைந்துவிடும். அறிக்கையோடு வரைபடமும் இணைத்திருந்தால் அந்த இடத்தில் இரண்டு மேடுகள் தெளிவாகப் பிரிந்திருக்கின்றனவா என்று கண்ணாலேயே பார்க்கலாம். கடைசியாக, ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம், பூச்சிக்கொல்லி, கரைப்பான் மிச்சம், நுண்ணுயிர் என்ற மற்ற பக்கங்கள். கன்னாபினாய்டுப் பக்கம் ஒன்றை மட்டும் காட்டினால் அது அரைகுறை அறிக்கை.

அறிக்கை நேர்மையாக இருந்தும் மிட்டாய் ஏமாற்றும் இடம் கலவை. கஞ்சாச் சாறு எண்ணெய்த் தன்மை உடையது. பெக்டின் பாகு நீர்த்தன்மை உடையது. பாகு ஆறும்போது எண்ணெய் மேலே ஏறும். கலக்கியை நிறுத்திய பின் ஊற்றிய கடைசித் தட்டு அச்சுகளில் முதல் தட்டைவிடப் பல மடங்கு சேரக்கூடும். ஆய்வகத்துக்குப் போவது இரண்டு மூன்று துண்டுகள்தான். ஊற்றலின் தொடக்கம், நடு, கடைசி மூன்றிலிருந்தும் துண்டு எடுத்துத் தனித்தனியே சோதிப்பவர் மட்டுமே தொகுதி முழுதும் சீராக இருக்கிறது என்று சொல்ல முடியும். பானத்தில் நேர்மாறு: டிஎச்சி டின்னின் உட்பூச்சில் ஒட்டிக்கொள்வதால் அடைத்த அன்று அளந்தது பிற்பாடு குறைந்துவிடும்.

சாப்பிட்ட டிஎச்சி வேலைசெய்ய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவதைத் தின்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்வது. குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால் காத்திருக்கக் கூடாது. மூச்சு மந்தமாகி மயங்கும் நிலைவரை போகும். அமெரிக்காவில் நச்சு உதவி எண் 1-800-222-1222, மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் 911.

2025

டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் 140 நாள் கூடும். ஓர் ஓட்டையை ஓர் அமர்வில் அடைக்காவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு இரண்டாண்டு. 2021இலும் 2023இலும் முயற்சிகள் கடைசிக் கட்டத்தில் விழுந்தன. அதற்குள் பதிவு பெற்ற விற்பனை இடங்கள் 8,000ஐத் தாண்டின. அனுமதியின் பேரில் முதல் போட்டவர்களை ஒரு நாளில் தெருவில் நிறுத்துவது எளிதல்ல. காலம் தாழ்த்தியவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது.

2019 சட்டத்தைச் செனட்டில் நடத்திய அதே சார்லஸ் பெர்ரி, 2025இல் எஸ்.பி. 3 என்ற தடை மசோதாவைக் கொண்டுவந்தார். போதை தராத சிபிடி, சிபிஜி இரண்டைத் தவிர எந்தக் கன்னாபினாய்டும் கூடாது. துணை ஆளுநர் டான் பாட்ரிக் முழு வேகத்தில் ஆதரித்தார். இரு அவைகளிலும் நிறைவேறியது. ஜூன் 22 அன்று ஆளுநர் அபட் அதை மறுத்தார். கூட்டரசுச் சட்டம் அனுமதிப்பதை மாநிலம் குற்றமாக்கினால் நீதிமன்றத்தில் சிக்கும் என்று சொல்லி, நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஆர்கன்சா மாநிலச் சட்டத்தை எடுத்துக்காட்டினார். மது போல ஒழுங்குபடுத்துங்கள் என்றார். இரண்டே நாளில், ஜூன் 24 அன்று, எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆர்கன்சா சட்டத்தின் மீதிருந்த தடையை நீக்கியது. எடுத்துக்காட்டு கையை விட்டுப் போனாலும் ஆளுநரின் அடிப்படை வாதம் சரியானதுதான் என்று கருதுகிறோம். முழுத் தடை விற்பனையை நிறுத்தாது. சோதனை அறிக்கையைத்தான் நிறுத்தும்.

சிறப்பு அமர்வுகள் இரண்டு கூடின, மசோதாக்கள் விழுந்தன. கன்னாபினாய்டு உள்ள மின்சிகரெட் விற்பனைக்கான தடை மட்டும் தனிச் சட்டமாகச் செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறையும் 4,000 டாலர் வரை அபராதமும். செப்டம்பர் 10 அன்று ஆளுநர் நிர்வாக ஆணை பிறப்பித்தார். 23ஆம் தேதி மதுபான ஆணையம் தன் உரிமதாரர்களுக்கு அவசர விதி போட்டது: 21 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது, அடையாள அட்டை பார்க்க வேண்டும். சுகாதாரத் துறை அக்டோபரில் தொடர்ந்தது. வயது வரம்பு என்ற ஒற்றை வரி வர ஆறாண்டு ஆயிற்று. டிசம்பரில் அத்துறை முன்மொழிந்த விதிகளில் டிஎச்சிஏயையும் சேர்த்து எண்ணும் மொத்த டிஎச்சி முறை இருந்தது, அது வேண்டியது. உற்பத்தி உரிமத்துக்கு 25,000 டாலர், கடைப் பதிவுக்கு 20,000 டாலர் என்ற கட்டண முன்மொழிவும் உடன் இருந்தது. 150 டாலரில் ஆய்வாளர் சம்பளம் தேறாது என்பது உண்மை. 20,000 டாலர் என்பதோ மேற்பார்வைக்கான கட்டணமாக இல்லை, சிறு கடைக்குக் கதவடைப்பாக இருந்தது.

இந்தியக் கணக்கு

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் தமிழ் வீடுகளிலிருந்து ஊருக்கு வரும் பெட்டிகளில் இந்த மிட்டாய் வரக் கூடாது. டெக்சாஸ் பதிவு இந்தியாவில் செல்லாது. டிஎச்சி இங்கே 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் பொருள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அனுமதித்தது ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு இவற்றையே. விதைக்கு வரம்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம் மொத்த டிஎச்சி, எண்ணெய்க்கு 10. டெக்சாஸின் 0.3 சதவீதத்தை இதே அலகில் எழுதினால் கிலோவுக்கு 3,000 மில்லிகிராம். விதைக்கான வரம்பைப் போல 600 மடங்கு. கிலோவுக்கு மில்லிகிராம் என்பது உணவில் கலப்படத்தையும் நச்சையும் அளக்கும் அலகு. டெக்சாஸும் அந்த அலகில் சிந்தித்திருந்தால் 3,000 என்ற எண்ணைப் பார்த்ததும் யாராவது பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள்.

0.4 மில்லிகிராம்

2025 நவம்பர் 12 அன்று, கூட்டரசின் செலவின மசோதாவோடு சேர்ந்து ஹெம்ப்பின் வரையறையே மாறியது. டிஎச்சிஏ உட்பட மொத்த டிஎச்சி 0.3 சதவீதம். செடிக்கு வெளியே வேதிவினையால் உருவாக்கிய கன்னாபினாய்டுகள் ஹெம்ப் அல்ல. கடைக்கு வரும் பொருளில் ஒரு கொள்கலனுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. நடைமுறைக்கு வர ஓராண்டு அவகாசம் கொடுத்து, 2026 நவம்பர் 12 என்று நாள் குறித்தார்கள்.

10 மில்லிகிராம் மிட்டாய் இருபது அடைத்த குப்பியில் 200 மில்லிகிராம். வரம்பைப் போல 500 மடங்கு. அது போவதில் வியப்பில்லை. போதைக்காக அல்லாமல் வாங்கும் முழுச் சாற்று சிபிடி எண்ணெய்யின் நிலை வேறு. 30 மில்லி குப்பியில் எண்ணெய் எடை ஏறத்தாழ 28 கிராம். 0.1 சதவீத டிஎச்சி இருந்தால் 28 மில்லிகிராம். வரம்பைப் போல 70 மடங்கு. வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் 0.0014 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டும். அதாவது டிஎச்சியைத் தனியே பிரித்தெடுக்காமல் முழுச் சாறு என்ற பொருளே நிற்காது.

கடைசியில் மில்லிகிராமில் எண்ணத் தொடங்கினார்கள், ஆனால் அதையும் பரிமாறலுக்கு எண்ணாமல் கொள்கலனுக்கு எண்ணினார்கள். கொள்கலன் என்பதற்குச் சட்டம் தரும் பொருள், பொருளை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்புற உறை. அதே 0.1 சதவீத எண்ணெய்யை 30 மில்லி குப்பியில் அடைத்தால் சட்டவிரோதம். 0.4 கிராம் வீதம் ஷாம்பு பாக்கெட் போலச் சிறு உறைகளில் அடைத்து, எழுபது உறைகளை ஒரே பெட்டியில் போட்டால் ஒவ்வோர் உறையிலும் சரியாக 0.4 மில்லிகிராம்.